கோம்பை வீட்டு மானிட்டரைத் தொட்டது யார்?

டச் மானிட்டர் விற்றுப் பிழைக்கிறவனுக்குப் பேய் என்பது பயப்படுகிற விஷயம் இல்லை, வாராவாரம் போனில் வருகிற கம்ப்ளைன்ட். யாரும் தொடாமலே, யாரோ தொட்டதாக நினைத்துக்கொண்டு மானிட்டர் தன்பாட்டுக்கு வேலை பார்க்க ஆரம்பித்தால் அதற்கு எங்கள் தொழிலில் ‘கோஸ்ட் டச்’ என்று பெயர். தயாரிக்கிறவனே பேய் என்று பெயர் வைத்துவிட்டான். அப்புறம் வாங்கினவர் மந்திரிக்க ஆள் தேடினால் அவரைக் கோபித்து என்ன செய்ய?

கடை தேனியில். போடியிலிருந்து கூடலூர் வரைக்கும் ஓட்டல், துணிக்கடை, ஆஸ்பத்திரி, வீடு என்று எங்கே டச் மானிட்டர் மண்டையைப் போட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஓட வேண்டும். இந்தச் சனியனில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அல்லாடுகிற மகராசர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் இரண்டும் சின்னச் சமாச்சாரம். எந்தக் கண்ணாடி யாருக்கு ஒத்துவரும் என்று எனக்குப் புரியவைத்தவை. மற்றதெல்லாம் கோம்பையில் ஒரே வீட்டில் நடந்தது. பிள்ளைத்தாய்ச்சி மகளிடம் ஒரு தாய் போவதா வேண்டாமா என்பது அந்த வீட்டில் நான் மாட்டிவிட்டு வந்த மானிட்டரின் பேச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆளில்லாத விரல்கள்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஒரு கூடத்தில் வருகைப் பதிவுக்கு மானிட்டர் கேட்டார்கள். செல்போனில் இருக்கிற மாதிரியே பளபளவென்று இருக்கட்டும் என்றார் முதலாளி. ‘கெப்பாசிட்டிவ்’ வகை மாட்டினேன். அது உயிருள்ள விரலில் இருக்கிற ஈரத்தையும் மின்சாரத்தையும் மோப்பம் பிடித்து வேலை செய்கிற கண்ணாடி. நான் தொட்டால் தொட்டது. முதலாளி தொட்டால் தொட்டது. வேலைக்கு வந்த பெண்கள் வரிசையாக வந்து தொட்டார்கள், ஒருத்தருக்கும் அசையவில்லை.

நாளெல்லாம் காயைப் புரட்டிப் புரட்டி விரல் நுனி காய்ந்து, ரேகையெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அந்தக் கண்ணாடியைப் பொறுத்தவரை அங்கே யாரும் நிற்கவே இல்லை. கூடம் நிறைய ஆட்கள், திரையில் மட்டும் ‘யாரும் வரவில்லை’. வரிசையில் நின்ற ஒரு அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாங்க உசுரோடதான் இருக்கோமான்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க சார்.”

காக்கா கேட்ட தீபம்

பட்டதை வைத்து, குச்சனூரில் பூஜைச் சாமான் விற்கிற ஒரு கடைக்கு வேறு வகை மாட்டினேன். இன்ஃப்ராரெட். கண்ணாடியைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி, கண்ணாடிக்கு ஒரு நூல் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். எது குறுக்கே வந்தாலும் அதற்கு விரல்தான். எண்ணெய்க் கை, ஈரக் கை, கையுறை எதுவானாலும் கவலையில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் பிரமாதமாக ஓடியது.

கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம் நானும் கடைக்காரரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு காக்கா பறந்து வந்து மேஜையில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. பிறகு மானிட்டர் பக்கம் திரும்பி ‘எள் தீபம்’ என்ற கட்டத்தில் ஒரு கொத்து, ‘சரி’ என்ற கட்டத்தில் ஒரு கொத்து. டோக்கன் கிர்ரென்று வெளியே வந்தது. சனீஸ்வரன் ஊரில் காக்காவை யார் விரட்டுவார்கள்? கடைக்காரர் டோக்கனைக் கிழித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தீபத்தை எடுத்து ஏற்றி வைத்தார். மானிட்டரில் பறவை பட்டாலும் பதியும், இது கோளாறு இல்லை என்று நான் விளக்கப் போனேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “கோளாறுன்னு நான் சொன்னேனா? வந்தது யாருன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டீயக் குடிங்க.”

வலுவில்லாத விரல்

சுகன்யா என்ற பெண் திருப்பூரிலிருந்து பேசினாள். பனியன் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. அவள் அப்பா பெருமாள்சாமி, கோம்பையில் திராட்சைத் தோட்டக்காரர். வாதம் அடித்துப் படுத்துவிட்டார். பேச்சு போய்விட்டது. காது கேட்கும், புத்தி தெளிவு, வலது கை ஆட்காட்டி விரல் மட்டும் மெல்ல நகரும். அந்த விரலால் அவர் பேசுவதற்கு மகள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். திரையில் ஆறு கட்டங்கள்: ஆமா, இல்ல, இங்கன இரு, தண்ணி, வலிக்குது, சன்னல். தொட்டால் கம்ப்யூட்டர் அதைச் சொல்லும். அதற்கு எந்த மானிட்டர் வாங்கலாம் என்று கேட்டாள்.

அமுக்கினால் மட்டும் வேலை செய்கிற பழைய வகை ஒன்று உண்டு. அதற்கு அவர் விரலில் வலு கிடையாது. கெப்பாசிட்டிவ் போடலாம் என்றால், மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல், போடிப் பெண்கள் கதைதான். மிச்சம் இருப்பது இன்ஃப்ராரெட். விரலைக் கிட்டே கொண்டுபோனாலே போதும். ஆனால் அதற்கு மனுஷன், மற்றது என்கிற வித்தியாசம் தெரியாது, ஈ உட்கார்ந்தாலும் பேசிவிடும் என்று எச்சரித்தேன். அந்தப் பெண் சொன்னாள்: “ஈ பேசுனாலும் பரவால்லண்ணே, எங்கப்பா பேசணும்.”

நாய் வந்து உட்கார்ந்தது

கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ஒரு கை மாதிரி ஸ்டாண்டை முடுக்கி, மானிட்டரை அவர் நெஞ்சுக்கு நேராக வரும்படி மாட்டினேன். பெருமாள்சாமியின் மனைவி செல்லத்தாய் அக்கா கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்வதைக் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து, “தொட்டுப் பாருங்கய்யா” என்றேன். விரல் ஊர்ந்து போனது. “தண்ணி” என்றது ஒரு குரல். கரகரப்பான ஆண் குரல். நான் சட்டென்று அவர் வாயைப் பார்த்தேன். மூடியிருந்தது. அது அவருடைய குரலேதான். நல்லா இருந்த காலத்தில் மகளுக்குப் போனில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களிலிருந்து அவள் ஒவ்வொரு சொல்லாக வெட்டி எடுத்துச் சேர்த்திருக்கிறாள். அதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்குக் கை ரோமம் எல்லாம் நட்டுக்கொண்டது.

அடுத்து விரல் மேல் வரிசை ஓரத்துக்குப் போனது. “இங்கன இரு” என்றது குரல். வாசலில் படுத்திருந்த அவர்கள் வீட்டு நாய், செம்பட்டை நிறத்துக் கோம்பை நாய், எழுந்து உள்ளே ஓடி வந்தது. கட்டிலில் கிடந்த மனுஷரைப் பார்க்கவில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. தோட்டத்தில் நாயைக் காவலுக்கு விட்டுவிட்டு வரும்போது அவர் சொல்கிற வார்த்தையாம் அது. ஏதோ மெசேஜில் அதுவும் பதிவாகியிருக்கிறது. செல்லத்தாய் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். “நாயே நம்பிருச்சு, நான் நம்ப மாட்டனா தம்பி?”

மத்தியானக் குரல்

சில மாதம் கழித்து சுகன்யா மறுபடி கூப்பிட்டாள். இப்போது அவளுக்குத் தலைப்பிரசவம். ஏதோ சிக்கல், படுக்கையை விட்டு எழக் கூடாது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தாய் வீட்டுக்கு வர முடியாது. மாமியார் இல்லாத வீடு, புருஷனுக்கு ஷிஃப்ட் வேலை. அம்மாதான் திருப்பூருக்குப் போக வேண்டும். பெருமாள்சாமியைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வெள்ளையம்மா வந்து இறங்கியாயிற்று. செல்லத்தாய் அக்கா பையும் கட்டியாயிற்று. ஆனால் மத்தியானம் கிளம்பலாம் என்று நாற்காலியை விட்டு எழுந்தால், “இங்கன இரு” என்கிறதாம். உட்கார்ந்துவிடுகிறார். மறுநாள் எழுந்தாலும் அதே. பையைப் பிரித்துச் சேலையெல்லாம் திரும்ப அடுக்கி வைத்துவிட்டாராம்.

போகட்டுமா என்று நேராகக் கேட்டால் என்ன என்று மகள் சண்டை போட்டிருக்கிறாள். ‘இருன்னு சொன்ன மனுசங்கிட்ட, போகட்டான்னு எப்பிடிடி கேக்குறது’ என்று அம்மா அழுதிருக்கிறார். சுகன்யா என்னிடம் அழவில்லை. ஆபீஸ் வேலையை ஒப்படைக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “மிஷின் சொல்லுதா, அப்பா சொல்றாகளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே. மிஷின்னா அம்மாவ பஸ் ஏத்தி விடுங்க. அப்பான்னா விட்ருங்க, நான் தனியாவே பாத்துக்கிறேன்.”

வெயிலும் இல்லை, எறும்பும் இல்லை

காலையிலேயே போய்விட்டேன். கோஸ்ட் டச்சுக்குக் காரணம் என்று நாங்கள் படித்து வைத்திருக்கிறதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெயில் நேராக அடித்தால் இந்த வகை குழம்பும், சன்னலைச் சாத்தினேன். கரண்டுக்கு எர்த் கம்பி சரியில்லாவிட்டால் குழம்பும், அதைப் பார்த்தேன். மானிட்டர் சட்டத்தின் உள்ளோரத்தில் ஒட்டடை, எறும்பு, திருநீறு எதுவும் இல்லாமல் துடைத்தேன். செல்லத்தாய் அக்காவை எழுந்து எழுந்து உட்காரச் சொன்னேன். மூட்டு வலிக்காரர், கட்டில் சட்டத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டுதான் எழுவார். பாவம், நான் சொன்னபோதெல்லாம் எழுந்தார். சத்தமே இல்லை. சரியாகிவிட்டது என்று மார் தட்டிக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தார்கள்.

கை கழுவிவிட்டு வந்து நின்றேன். பெருமாள்சாமி மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். செல்லத்தாய் அக்கா எனக்குத் துண்டு எடுக்க எழுந்தார். “இங்கன இரு.” பெருமாள்சாமியின் விரலைப் பார்த்தேன். போர்வை மேல் அசையாமல் கிடந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்து நாய் வந்து உட்கார்ந்தது. செல்லத்தாய் அக்கா துண்டை மறந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனை மானிட்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், அன்று பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். வெள்ளையம்மா அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். “தூக்கத்துலயும் தொணைக்கு ஆளத் தேடுறான். இதுக்கு எதுக்குத் தம்பி நீங்க பயப்படுறீக?”

பூ

முதல் வேலையாக இன்ஃப்ராரெட் சட்டத்தின் கேபிளைப் பிடுங்கினேன். செல்லத்தாய் அக்காவை எழச் சொன்னேன். சத்தமில்லை. மாட்டினேன். எழுந்தார். “இங்கன இரு.” ஆக, சட்டத்துக்கு முன்னால் எதுவோ வருகிறது. கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணாடியைப் பக்கவாட்டில் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. தினமும் காலையில் விளக்கேற்றி, புருஷன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, ஒரு துண்டு மல்லிகைச் சரத்தை மானிட்டரின் மேல் விளிம்பில் சொருகி வைப்பது அக்காவின் வழக்கம். மானிட்டர்தானே இப்போது புருஷனுக்கு வாய். காலையில் பூ விறைப்பாக நிற்கிறது. மத்தியானம் வாடித் தொங்குகிறது. அக்கா கட்டிலை அழுத்தி எழும்போது ஸ்டாண்டு ஆடி, கடைசி மொட்டு கண்ணாடிக்கு முன்னால் ஒரு ஆட்டம் போடுகிறது. அதற்கு நேர் பின்னால் இருக்கிற கட்டம் ‘இங்கன இரு’.

காலையில் அத்தனையையும் துடைத்த நான் பூவை மட்டும் தொடவில்லை. சாமிக்கு வைத்த பூவை அடுத்த வீட்டில் எவன் எடுத்துப் போடுவான்? எங்கள் பக்கத்தில் தராசு முதல் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் பூவும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு வேலை பார்த்துத்தான் கை பழகியிருக்கிறது. கேட்டுக்கொண்டு பூவை எடுத்தேன். எழச் சொன்னேன். அமைதி. மறுபடி எழச் சொன்னேன். அமைதி. கண்டுபிடித்த சந்தோஷத்தில் மொட்டை ஆட்டி ஆட்டி விளக்கினேன். வெள்ளையம்மா “அட” என்று வாயில் கை வைத்தார். செல்லத்தாய் அக்கா சந்தோஷப்படவில்லை. வாடின பூவை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப இம்புட்டு நாளும் என்னைய இருக்கச் சொன்னது அவுக இல்லையா தம்பி?”

கேட்டே விட்டார்

பெருமாள்சாமி கண் விழிக்கும்வரை நானும் கிளம்பவில்லை. இனி மிஷின் பொய் சொல்லாது, கேளுங்கள் என்று வெள்ளையம்மாவும் நானும் சொன்னோம். செல்லத்தாய் அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். “ஏங்க, மக தனியாக் கெடக்கா. நான் திருப்பூருக்குப் போயிட்டு வரட்டா?” எல்லோரும் விரலைப் பார்த்தோம். விரல் உடனே கிளம்பியது. நேராகப் போனது. “ஆமா.” அக்காவுக்குப் போதவில்லை. திரும்பவும் கேட்டார். “ஆமா.” அதே குரல், அதே தொனி, வெட்டி எடுத்து வைத்த அதே சொல்.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். நான் கண்டுபிடித்த அன்றே சுகன்யாவுக்குப் போன் போட்டு மிஷின்தான், அம்மா வருகிறார் என்று சொன்னேன். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள். ஆனால் அன்று என்னை வாசல்வரை வழியனுப்ப வந்த செல்லத்தாய் அக்கா சொன்னதுதான் சின்னமனூர் தாண்டும்வரை காதில் கேட்டுக்கொண்டிருந்தது. “சரின்னுட்டாக. கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்லியிருக்கலாம்ல தம்பி?”

காலி நாற்காலி

அக்கா திருப்பூரில் போய் இறங்கிய அந்த வாரமே சுகன்யாவுக்கு வலி கண்டுவிட்டது. அவசர ஆபரேஷன். பக்கத்தில் அம்மா இருந்ததால் பிழைத்தேன் என்று அவளே சொன்னாள். பெண் குழந்தை, குறைப்பிரசவம், அம்மா இன்னும் கொஞ்ச நாள் கூட இருந்தே ஆக வேண்டும். நல்லதாக முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தபோது வெள்ளையம்மா கூப்பிட்டார். மானிட்டர் மறுபடி பேசுகிறதாம். மத்தியானம் அவர் அடுப்படியில் இருக்கும்போது மட்டும். பூ எதுவும் வைக்கவில்லையாம். எட்டிப் பார்த்தால் நின்றுவிடுகிறதாம். போனேன். சட்டத்தைக் கழற்றித் துடைத்தேன். சன்னலைச் சாத்தினேன். கட்டிலை ஆட்டிப் பார்த்தேன். சுத்தம், அப்பழுக்கு இல்லை.

மத்தியானம் வெள்ளையம்மா வழக்கம்போல அடுப்படிக்குப் போனார். நான் கிளம்புகிறவன் போல் வெளியே வந்து, கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எப்போதும் தூங்குகிற மனுஷர் விழித்திருந்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரும் இல்லை. விரல் போர்வையிலிருந்து கிளம்பி, நின்று, மறுபடி ஊர்ந்து மேல் வரிசை ஓரத்துக்குப் போனது. “இங்கன இரு.” நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு இன்னொரு தரம். நாய் வந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. மானிட்டர் மாட்டின அன்று தொட்டுப் பார்த்ததைத் தவிர, மனைவி எதிரில் இருந்தவரை ஒரு தரம்கூடத் தன் விரலால் சொல்லாத சொல். சத்தமில்லாமல் கதவை விட்டு விலகினேன்.

அடுப்படிக்குப் போய், மிஷினில் ஒன்றும் இல்லை என்றேன். வெள்ளையம்மா என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். கரண்டியைக் கீழே வைத்தார். “இத அவகிட்டச் சொல்லிராதீக தம்பி. சொன்னா பச்சப்பிள்ளக்காரிய விட்டுப்புட்டு ஓடியாந்துருவா.”

கோளாறு இருந்தால் கழற்றித் துடைத்துச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம், கோளாறே இல்லாத மானிட்டர்தான் இந்தத் தொழிலில் ஆளைப் பயமுறுத்துகிறது.